மூன்று முறை வந்த இத்தாலிக் கார்

போன வாரம் அண்ணன் மகன் கோவையிலிருந்து போன் பண்ணினான். "சித்தப்பா, ஒரு பழைய ஃபியட் லீனியா விலைக்கு வருது. 2011 மாடல், டீசல். ஒன்றரை லட்சம்தான் சொல்றாங்க. வாங்கலாமா?"

அவனுக்கு இரண்டு குழந்தைகள். மாதத்துக்கு ஒரு தடவை உத்தமபாளையம் வந்து போகிறவன். புதுக்கார் வாங்கினால் ஏழு வருஷம் தவணை கட்ட வேண்டும். நியாயமான கேள்விதான். ஆனால் "வாங்கு", "வாங்காதே" என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. "ரெண்டு நாள் பொறுடா" என்றேன். ஃபியட் என்ற பெயரைக் கேட்டதும் அறுபது வருஷக் கதை மனதில் ஓட ஆரம்பித்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனுக்கான பதில் கடைசியில் இருக்கிறது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் பக்கம் காருக்குப் பெயர் 'பிளசர்'. பிளசர் வந்தால் தெருவே கூடும். ஏலத்தோட்டத்துக்காரர்களிடம் ஜீப் இருந்தது. போடி, கம்பம் பக்கத்து முதலாளிகள் அம்பாசிடர் வைத்திருந்தார்கள். ஃபியட் என்றால் அது டாக்டர் வண்டி, அல்லது வக்கீல் வண்டி. நான் முதலில் தொட்டுப் பார்த்த ஃபியட் சின்னமனூரில் ஒரு டாக்டருடையது. முன்கதவு இரண்டும் பின்பக்கம் கீல் வைத்து, மற்ற வண்டிகளுக்கு நேர் எதிராகத் திறக்கும். டாக்டர் இறங்கும்போது வீட்டு வாசற்கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவது போல இருக்கும். பின்னாளில் வந்த மாடல்களில் கதவை மாற்றிவிட்டார்கள்.

அந்த வண்டியின் ஊர் இத்தாலியில் இருக்கும் டூரின். 1899-ல் அங்கே தொடங்கிய கம்பெனி ஃபியட். 'டூரின் இத்தாலிய மோட்டார் தொழிற்சாலை' என்பதன் இத்தாலிய முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். இரண்டாம் உலகப் போரில் அடிபட்டுக் கிடந்த நாட்டை மறுபடி நிமிர்த்திய கம்பெனிகளில் அதுவும் ஒன்று. அங்கே தாந்தே ஜியாகோசா என்று ஒரு பொறியாளர் இருந்தார். சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில், நான்கு பேர் உட்காரக்கூடிய வண்டி என்பதே அவர் வாழ்நாள் வேலை என்று சொல்லலாம். 1955-ல் 600, 1957-ல் குட்டி 500 என்று அவர் செய்த வண்டிகள் இத்தாலியத் தொழிலாளியை ஸ்கூட்டரிலிருந்து இறக்கிக் காரில் ஏற்றின. தொழிற்சாலைத் தொழிலாளி ஏறக்குறைய ஒரு வருஷச் சம்பளத்தைத் தவணையில் கட்டினால் கார் வீட்டுக்கு வந்துவிடும்.

அவற்றுக்கு ஒரு படி மேலே நின்றது 1100. 1953-ல் ஜெனிவா கண்காட்சியில் அதன் புது வடிவம் வந்தது. 1089 சி.சி. இன்ஜின், நான்கு கதவு, அடியில் தனிச் சட்டம் இல்லாமல் உடலே சட்டமாக அமைந்த கட்டுமானம். அங்கே அது நடுத்தரக் குடும்பத்து வண்டி. இந்த வண்டிதான் அடுத்த வருஷமே பம்பாய்க்கு வந்தது.

கொண்டுவந்தது பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். சோலாப்பூரில் பிறந்த வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய கம்பெனி. கப்பல் கம்பெனி, பெங்களூரில் விமானத் தொழிற்சாலை, விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளம் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே துணிந்து இறங்கிய மனிதர் அவர். முதலில் அமெரிக்காவின் கிரைஸ்லரோடு சேர்ந்து பம்பாய் குர்லாவில் டாட்ஜ், பிளைமவுத் வண்டிகளைப் பூட்டினார்கள். 1951-ல் ஃபியட் 500 வந்தது. 1953-ல் வால்சந்த் காலமானார். 1954 முதல் 1100.

அந்த வருஷங்களில்தான் டில்லியில் ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து பாகங்களை இறக்கி இங்கே பூட்டிக் கொடுப்பது மட்டும் போதாது. வண்டியை இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம் என்றார்கள். ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு இரண்டும் மூட்டை கட்டின. மிஞ்சிய கார்க் கம்பெனிகளில் முக்கியமானவை மூன்று: கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், நம் சென்னையில் ஸ்டாண்டர்டு. அடுத்த முப்பது வருஷம் இந்தியாவில் ஒருவன் புதுக்கார் வாங்குவதென்றால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

இதைச் சரி என்பதா, தவறு என்பதா? இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் ஒரு சாவோடு சேர்ந்தே இருந்தது.

என் அப்பா உத்தமபாளையம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். 1964-ல் தாத்தாவுக்கு ஒரு ராத்திரி நெஞ்சு வலி வந்தது. மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்து, மூன்று மைல் தள்ளி மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய், விடியற்காலை முதல் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள். பஸ் நேரத்துக்குத்தான் வந்தது. அந்தக் காலத்து டி.வி.எஸ். பஸ்ஸை வைத்துக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள் என்பது எங்கள் மதுரைச் சீமை வழக்கு. ஆனால் நேரத்துக்கு வந்த பஸ்ஸும் தாத்தாவுக்குத் தாமதமாகத்தான் வந்தது. தேனி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மாட்டு வண்டிக்குப் பின்னால் லாந்தரைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் நான்தான்.

அதே 1964-ல்தான் லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானார். பிரதமர் வீட்டில் கார் இல்லையே என்று பிள்ளைகள் கேட்க, ஃபியட் விலை என்ன என்று விசாரித்தார்கள். 12,000 ரூபாய். அவருடைய வங்கிக் கணக்கில் இருந்தது 7,000. மீதி 5,000-க்குப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடன் வாங்கினார். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் அவர் இறந்தபோது கடன் தீரவில்லை. அவருடைய மனைவி லலிதா சாஸ்திரி தன் பென்ஷனிலிருந்து அதைக் கட்டி முடித்தார். டி.எல்.இ. 6 என்ற எண் கொண்ட அந்த வண்டி இன்றும் டில்லியில் அவர் நினைவில்லத்தில் நிற்கிறது. நேர்மைக்கு உதாரணமாக இதை எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். எனக்கு இதில் வேறொன்றும் தெரிகிறது. இத்தாலியில் குடும்பஸ்தன் தவணையில் வாங்கிய ரகத்து வண்டியை, இங்கே நாட்டின் பிரதமர்கூடக் கையிருப்பில் வாங்க முடியவில்லை.

அப்பாவின் கணக்கு இன்னும் மோசம். 12,000 என்பது அவருக்குச் சுமார் எழுபது மாதச் சம்பளம். சாப்பிடாமல் உடுத்தாமல் சேர்த்தாலும் ஆறு வருஷம். பணம் இருந்தாலும் கார் உடனே கிடைக்காது. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கார் விநியோகத்துக்கு 1959-லேயே மத்திய அரசு ஒரு கட்டுப்பாட்டு ஆணை போட்டிருந்தது. பிறகு விலையையும் அரசே நிர்ணயித்தது. அந்த விலை கட்டுப்படியாகாது என்று கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போய், 1971-ல் தீர்ப்பு வந்தது. ஒரு காருக்கு என்ன விலை என்பதை நீதிபதிகள் உட்கார்ந்து கணக்குப் பார்த்த காலம் அது.

அரசு தரப்பின் வாதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கார் ஆடம்பரம். அன்னியச் செலாவணி கொஞ்சம்; அது உரத்துக்கும் உணவு தானியத்துக்கும் இயந்திரத்துக்கும் போகட்டும். எங்கள் பள்ளத்தாக்கில் வயலில் நாற்று நட்ட பெண்ணின் அன்றைய கூலியை நினைத்துப் பார்த்தால் இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. அப்பாவும் தள்ளவில்லை. கதர் கட்டியவர். ஆனால் பேப்பரில் அந்த வார்த்தையைப் படிக்கும்போதெல்லாம் ஒன்று சொல்வார்: "பகல்ல பாத்தா ஆடம்பரந்தான்டா. ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பாக்கணும்."

இதற்கிடையே இத்தாலியில் 1100 பழசாகிவிட்டது. 1969-ல் அங்கே அதை நிறுத்தி, முன்சக்கரத்தால் ஓடும் 128-ஐக் கொண்டுவந்தார்கள். இங்கே அது நிற்கவில்லை. ஃபியட் 1100 டிலைட் என்று ஓடியது, 1974-ல் பிரீமியர் பத்மினி ஆனது. சித்தூர் ராணியின் பெயர் என்பார்கள். பெயர்தான் புதிது. அதே 1089 சி.சி. இன்ஜின், அதே ஸ்டியரிங் தண்டில் கியர், அதே முக்கோணக் கண்ணாடி. டூரின் கைவிட்ட வண்டியைக் குர்லா அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டுக்கு மேல் செய்துகொண்டிருந்தது.

போட்டி இல்லாததால் வளரவில்லை என்று இதைக் குறை சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரே வண்டி மாறாமல் ஓடியதில் ஒரு லாபமும் இருந்தது. அது பம்பாய் முதலாளிக்கோ டில்லி அதிகாரிக்கோ கிடைத்த லாபம் அல்ல. தேனி பஸ் நிலையத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் பட்டறை வைத்திருந்த ஒரு பாய்க்குக் கிடைத்த லாபம். அவர் நாலாங் கிளாஸ். பதினைந்து வயதில் ஸ்பேனர் பிடித்த அன்றைக்கு எந்த இன்ஜினைப் பார்த்தாரோ, அறுபது வயதிலும் அதையே பார்த்தார். சத்தத்தைக் கேட்டே வால்வு இடைவெளி சொல்லுவார். அப்படி ஒருவர் போடியிலும் இருந்தார், கம்பத்திலும் இருந்தார்.

அவரை நம்பித்தான் நான் 1988-ல் கார் வாங்கினேன்.

அப்போது நான் வங்கியில் அதிகாரி. போடிக் கிளையில் வேலை. மாருதி வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. 1983 டிசம்பரில் முதல் மாருதியின் சாவியை இந்திரா காந்தி கொடுத்ததிலிருந்து எல்லோர் கண்ணும் அதன் மேல்தான். எனக்குப் புது வண்டி எட்டாது. மதுரையில் ஒரு வக்கீல் 1976 மாடல் பத்மினியை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, பாயைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். விலை 38,000.

பழைய வண்டி வாங்குவது எப்படி என்று அன்று பாய் எனக்குப் பாடம் நடத்தினார். பாலிஷைப் பார்க்கவே இல்லை. முதலில் கால் வைக்கும் இடத்து மேட்டைத் தூக்கினார். "சார், இந்த வண்டிக்குச் சேஸிஸ் தனியாக் கிடையாது. தகரந்தான் எலும்பு. தரை துருப்பிடிச்சா இடுப்பு ஒடிஞ்ச மாதிரி" என்றார். முன்கண்ணாடி ரப்பர் வழியாக மழைத் தண்ணீர் இறங்கித் தரையில் தேங்கும் என்றும், மூணாறு, குமுளி பக்கம் மூடுபனியில் கிடந்த வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிட வேண்டும் என்றும் சொன்னார். அடுத்து முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு கையாலும் மேலும் கீழும் ஆட்டினார்; கிங்பின் தேய்மானம் பார்க்க. "இன்ஜின் சூடா இருக்கும்போது எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்" என்று சொல்லி, இரண்டு மணி நேரம் டீக்கடையில் உட்காரவைத்து, ஆறிய பிறகு சோக்கை இழுத்துக் கிளப்பினார். நீலப் புகை வரவில்லை. கியர்த் தண்டு மட்டும் கொழகொழ என்று ஆடியது. "அது புஷ்ஷு. நாப்பது ரூவா வேலை" என்றார். அதைக் காட்டியே வக்கீலிடம் ஆயிரம் ரூபாய் குறைத்தும் விட்டார். 37,000-க்கு முடிந்தது. பாதி என் சேமிப்பு, பாதி கடன்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அப்பாவுக்கு வயது எழுபதுக்கு மேல். முதல் பயணம் வீரபாண்டி கௌமாரியம்மன் கோவிலுக்கு. முன் சீட்டில், வேட்டி மடிப்புக் கலையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் பேசவில்லை. திரும்பி வந்து வாசலில் இறங்கியதும் கேட்டார்: "எத்தனை மாசச் சம்பளம்டா?"

"பதிமூணு மாசம்ப்பா."

"ம்ம். எனக்கு எழுபது" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கார்களின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் அந்தப் பதிமூன்றின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. 1950-களில் டூரின் தொழிலாளி தன் முதல் காருக்குக் கொடுத்ததும் ஏறக்குறைய ஒரு வருஷச் சம்பளம்தான். அவன் கொடுத்து முப்பது வருஷம் கழித்து, அதே கணக்கில் நான் கொடுத்தேன். அவனுக்குக் கிடைத்தது புது வண்டி. எனக்குக் கிடைத்தது பன்னிரண்டு வருஷம் ஓடிய வண்டி. நம் நாட்டில் அந்த இத்தாலிக் குடும்பக் கார் உண்மையில் குடும்பக் காரானது ஷோரூமில் அல்ல, இரண்டாம் கைச் சந்தையில்தான்.

அந்த வண்டி எங்களைச் சுமந்ததை எல்லாம் எழுத இடம் போதாது. ஐந்து பேருக்கான வண்டியில் ஒன்பது பேர் சுருளி அருவிக்குப் போயிருக்கிறோம். குச்சனூருக்கு எத்தனையோ சனிக்கிழமைகள். ஒரு தடவை போடிமெட்டு ஏறினோம். முந்தலைத் தாண்டினால் பதினேழு கொண்டை ஊசி வளைவு. ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காமல் கிளம்பிய என் அவசரத்தால் பதினோராவது வளைவில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் டிரைவர் ஒருவர் இறங்கி வந்து, பானெட்டைத் திறந்து, "அவசரப்பட்டு மூடியத் தொறந்துராதீங்கண்ணே, மூஞ்சி வெந்துரும்" என்று சொல்லி, அரைமணி நேரம் கூடவே நின்று, தன் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். கீழே தேனிச் சமவெளி முழுக்கத் தெரிந்தது. என் மகள் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்ட புளியோதரைதான் வாழ்நாளில் சாப்பிட்ட நல்ல சாப்பாடு என்று இன்றும் சொல்லுவாள்.

1993 கார்த்திகை மாதம். ராத்திரி பதினொன்றரை மணிக்கு அம்மாவுக்கு நெஞ்சு வலி. அப்பாதான் என்னை எழுப்பினார். அவர் கை நடுங்கியது. பின் சீட்டில் அம்மாவைப் படுக்கவைத்து, அப்பா மடியில் தலையை வைத்துக்கொண்டார். சின்னமனூர், தேனி, ஆண்டிபட்டி கணவாய், உசிலம்பட்டி. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். நல்ல மழை. வைப்பர் ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்தது. இரண்டே முக்கால் மணிக்கு மதுரை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். அம்மா அதற்குப் பிறகு பதினொரு வருஷம் இருந்தார்கள். விடிந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் டீ குடிக்கும்போது, அப்பா வண்டியின் பானெட் மேல் கையை வைத்தபடி ரொம்ப நேரம் நின்றார். இரண்டாவது முறை அந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 2008-ல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. எங்கள் பழைய கிராமத்திலிருந்தே இன்று யாரும் கூப்பிடலாம். கார் இல்லாதவனுக்கும் வரும். தாத்தாவின் சாவுக்கு நியாயமான பதில் வீட்டுக்கு ஒரு ஃபியட் அல்ல, இந்த வண்டிதான் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் 1964-க்கும் 2008-க்கும் இடையில் நாற்பத்து நாலு வருஷம் இருக்கிறது. அந்த இடைவெளியில் பழைய பத்மினிகள் எத்தனை ராத்திரிகளில் ஆம்புலன்ஸாக ஓடின என்று எந்தக் கணக்கிலும் இல்லை.

பத்மினிக்குப் பிறகும் ஃபியட் இந்தியாவில் வேறு வண்டிகளை முயன்றது. அதற்கு முன்பே 1985-ல் பிரீமியர், ஃபியட் 124-ன் உடலில் நிஸான் இன்ஜினை வைத்து 118 என்.இ. கொண்டுவந்திருந்தது. 1996-ல் ஊனோ வந்தது. ஜியுஜியாரோ வரைந்த வடிவம். ஐரோப்பாவில் 1984-ல் ஆண்டின் சிறந்த கார் என்று பரிசு வாங்கியது. இங்கே பதிவு செய்ய ஜனம் முண்டியடித்தது. ஆனால் குர்லா ஆலையில் வேலைநிறுத்தம். கேட்டவர்களுக்கு வண்டி கொடுக்க முடியவில்லை. பெயர் அங்கேதான் அடிபட்டது. 2001-ல் பாலியோ வந்தபோது சச்சின் டெண்டுல்கர் விளம்பரத்தில் வந்தார். கொஞ்ச நாள் நன்றாக விற்றது. 2007-ல் டாடாவோடு சேர்ந்து புனே பக்கம் ரஞ்சன்காவில் கூட்டு ஆலை. 2009-ல் லீனியாவும் கிராண்டே புன்டோவும் வந்தன. கனமான தகரம், ரோட்டைக் கவ்வும் ஓட்டம் என்று ஓட்டியவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். வாங்கியவர்கள்தான் குறைவு. பத்து வருஷத்தில் அவையும் நின்று, ஃபியட் பெயரில் கார் விற்பது இந்தியாவில் முடிந்தது.

ஆனால் மூன்றாவது முறை இத்தாலி நம் பள்ளத்தாக்குக்கு வந்தது வேறு வேஷத்தில். ஃபியட்டின் 1248 சி.சி. மல்டிஜெட் டீசல் இன்ஜினை இங்கேயே செய்து, 2007 முதல் மாருதி ஸ்விஃப்டில் வைத்தார்கள். பிறகு டிசையர், எர்டிகா. டாடாவின் இண்டிகா விஸ்டா. 2020-ல் பி.எஸ். 6 விதி வந்து அது நிற்கும் வரைக்கும் இந்தியாவின் தேசிய இன்ஜின் என்றே கார்ப் பத்திரிகைகள் எழுதின. கம்பத்தில் பன்னீர்த் திராட்சை வியாபாரிகள், போடியில் ஏலக்காய் கமிஷன் கடைக்காரர்கள், குமுளிக்கு ஓடும் வாடகை வண்டிக்காரர்கள் என்று டி.என். 60 எண் போட்ட எத்தனை டீசல் வண்டிகளுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கிறது! ஒரு ஸ்விஃப்ட் டிரைவரிடம் "தம்பி, இது இத்தாலிக்காரன் இன்ஜின்ப்பா" என்றேன். "இல்ல சார், இது மாருதி" என்று சிரித்தார். பெயரோடு வந்தபோது நிலைக்காதது, பெயரில்லாமல் வந்தபோது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

ஏன் அப்படி? பத்மினியைவிட ஊனோ நல்ல வண்டி. லீனியா அதைவிட நல்ல வண்டி. ஆனால் பத்மினிக்குப் பத்து மைலுக்கு ஒரு பாய் இருந்தார். அவரிடம் ஒரு பழைய டின்னில் கிங்பின்னும் புஷ்ஷும் எப்போதும் கிடக்கும். ஊனோவுக்கும் லீனியாவுக்கும் அப்படி ஒரு ஆள் எங்கள் பக்கம் உருவாவதற்குள் வண்டியே நின்றுவிட்டது. மல்டிஜெட்டுக்கு மட்டும், மாருதி புண்ணியத்தில், மூலைக்கு மூலை ஆள் இருக்கிறார்கள்.

2006-ல் என் பத்மினியைப் பாயின் மகனிடமே கொடுத்துவிட்டேன். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. அவர் அதையும் கட்டி வைத்திருக்கிறார். 2023 அக்டோபரில், மும்பையின் கடைசி பத்மினி டாக்சி இருபது வருஷ வரம்பு முடிந்து ஓய்வு பெற்றது என்று செய்தி வந்தபோது, பேப்பரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பாய் இப்போது இல்லை. மகன் படித்துவிட்டு, "நம்ம வண்டி ஓடுது சார், வாங்க ஒரு ரவுண்டு" என்றார். பழனிசெட்டிபட்டி வரை போய் வந்தோம். ஒரு வைப்பர் இன்னும் வேலை செய்யவில்லை.

இப்போது அண்ணன் மகனுக்கு என் பதில். தம்பி, ஒன்றரை லட்சத்துக்கு அந்த வண்டி மோசமில்லை. இன்ஜின் ஸ்விஃப்டில் இருக்கிற அதே குடும்பத்து இன்ஜின். அதற்குச் சாமான் கிடைக்கும், ஆளும் கிடைப்பார்கள். ஆனால் விளக்கு உடைந்தால், கதவு நசுங்கினால், கண்ணாடி போனால் தேட வேண்டிவரும். ஆகவே வண்டியைப் பார்க்கப் போகுமுன் உன் வீட்டிலிருந்து பத்து மைலுக்குள் அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒரு மெக்கானிக்கைத் தேடு. கிடைத்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போ. இன்ஜின் ஆறும் வரை டீக்கடையில் உட்கார். கிடைக்காவிட்டால், விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடு.

வாங்கினால், முதல் பயணமாக வீரபாண்டிக்குக் கொண்டு வா. முன் சீட்டில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். எத்தனை மாதச் சம்பளம் என்று கேட்பேன். கணக்குப் போட்டு வைத்திரு.